வயல் இல்லாத போடியாரும் தானாய் நிரம்பும் பையும்

எங்கள் வாவியின் எழுவான்கரை, படுவான்கரை இரண்டிலும் தேடினாலும், சாண் அகல வயல்கூட இல்லாமல் போடியார் ஆன மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். எங்கள் பக்கத்தில் போடியார் என்றால் வட்டை நிறைய வயலும், ஏவினால் ஓடிவர ஆட்களும் உள்ளவர். இவரிடம் வயல் இல்லை. ஆட்கள் மட்டும் ஒரு பட்டாளம் இருந்தது. அவ்வளவு பேரும் கணினிக்குள் இருந்தார்கள்.

நாவற்குடாவில் என் இடியப்பக் கடைக்கு அடுத்த அறையில் அவர் போன் திருத்திக்கொண்டிருந்தார். மேசையின் ஒரு பக்கம் பிளந்து கிடக்கும் போன்கள், மறுபக்கம் அந்த விளையாட்டு. பல நாட்டு ஆட்கள் ஆளுக்கொரு உருவம் எடுத்து, கூட்டம் சேர்ந்து, காடு மலை நடந்து, பூதங்களை வீழ்த்திப் புதையல் எடுக்க வேண்டும். அவர் இளந்தாரியாக இருந்தபோது விளையாடியதாம். நடுவில் மூடிவிட்டார்களாம். பிறகு, பழையது பழையபடியே என்று சொல்லித் திரும்பவும் விட்டார்கள்.

விட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆட்கள் கேட்கக் கேட்க ஒவ்வொரு வசதியாகச் சேர்த்தார்கள். வழி காட்ட அம்புக்குறி வந்தது. நினைத்த ஊருக்குக் கண் மூடித் திறப்பதற்குள் போக மந்திரக் கதவு வந்தது. போடியார் ஒன்றையும் தொடவில்லை. அவருடைய ஆள் எங்கே போனாலும் நடந்துதான் போவான். நடக்கிற பொத்தானின்மேல் பாக்குவெட்டியைப் பாரமாக வைத்துவிட்டு, இவர் ஈயம் உருக்கிப் போன் திருத்துவார். மத்தியானத்தில் கடையை ஒதுக்கிவிட்டு நான் போய் வாசலோரம் குந்தியிருந்து பார்ப்பேன். மழை பெய்யும், பனி கொட்டும், பாலம் வரும். அவன் நடந்துகொண்டே இருப்பான். ஓநாய் வந்தால் மட்டும் போடியார் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பாய்வார்.

"என்ட போன் முடிஞ்சுதா போடியார்?" என்று ஒருவர் வந்து நிற்பார்.

"பொறுங்ககா. இப்பதான் மலையடிவாரம்."

"அதுக்குள்ள மந்திரக் கதவு கிடக்காமே. அதால போனா என்ன?"

"அமிர்தகழிக்குத் தீர்த்தமாட நடந்து போறவர மறிச்சு, இந்தாங்க தீர்த்தம் எண்டு போத்தலில குடுத்தா, வாங்கிக்கிட்டுத் திரும்புவாரா?"

வந்தவர் யோசித்துக்கொண்டே, போனை வாங்காமல் போய்விடுவார்.

போடியாரின் மனைவி மட்டும் அசையமாட்டார். "நடக்கிறது பாக்குவெட்டி, பேர் இவருக்கு" என்பார். "வீட்ட ஒரு பாக்கு வெட்ட ஒண்ணாமக் கிடக்கு."

தான் தலைவராக இருந்த கூட்டத்துக்குப் போடியார் வைத்த சட்டம் உலகத்தில் வேறு எந்தக் கூட்டத்திலும் இருந்திராது. பூதத்தோடு மல்லுக்கட்டும் இடம் சூடடிக்கிற களத்துக்குச் சமன் என்றார். களத்தில் 'இல்லை', 'குறையுது', 'முடிஞ்சுது' என்று பறையக் கூடாது. பறைந்தால் நெல்லின் பெருக்கமான பொலி போய்விடும். இது எங்கள் வயல்காரர் வழக்கம். கனடாவிலும் குவைத்திலும் இருந்து விளையாடுகிறவர்களும் இதற்குக் கட்டுப்பட்டார்கள்.

ஒருநாள் தீ கக்கும் நாகத்தோடு சண்டை. காயப்பட்டவர்களுக்கு மருந்து மந்திரம் போடுகிறவர் களுவாஞ்சிக்குடி அக்கா. போடியாரே அவரை நேரில் கண்டதில்லை, குரல்தான் பழக்கம். கனடாக்காரருக்கு உயிர் மளமளவென்று இறங்குகிறது.

"அக்கா, என்ட உயிர்..." என்று தொடங்கியவர் சட்டத்தை நினைத்துக்கொண்டார். "என்ட உயிர் நல்லாப் பொலியுது அக்கா. கொள்ளாம வழியுது."

"சந்தோசம் தம்பி" என்று அக்கா மற்றவருக்கு மருந்து போடப் போனார்.

கனடாக்காரர் விழுந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் விழுந்தார்கள். கடைசியில் போடியாரும் விழுந்தார். நாகம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"பறவாயில்ல" என்றார் செத்துக் கிடந்த போடியார். "ஒருத்தரும் வாய் தவறல்ல."

சொல்லுக்காகச் சாகிற ஆட்களை நான் அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

அதன் பிறகு வந்ததுதான் தானாய் நிரம்பும் பை. அதுவரைக்கும், சிதறிக் கிடக்கும் பொற்காசை ஒவ்வொன்றாக அமத்தித்தான் பொறுக்க வேண்டும். இந்தப் பை இருந்தால் காசு தானாக வந்து விழும். ஆனால் கூட்டத்தின் தலைவர் திறந்துவிட்டால்தான் கூட்டத்துக்குக் கிடைக்கும். போடியார் பூட்டியே வைத்தார். "குனிஞ்சு அள்ளாத பொலி தங்காது" என்றார். சிலர் வேறு கூட்டம் பார்த்துப் போனார்கள். போகட்டும் என்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்காவின் குரல் வந்தது.

"போடியார், நான் விலகப் போறன் மனே."

"ஏன் அக்கா?"

"விரல் எல்லாம் முடக்கு. விடியச் சீப்புப் பிடிக்கவும் ஒண்ணாது. மந்திரம் ஒரு விரலாலயும் போட்டிருவன். இந்தக் காசு பொறுக்கிறதுதான்... கை கொதிக்குது."

"உங்கட பங்க நாங்க பொறுக்கித் தாறம்."

"நீங்க அள்ளித் தர, நான் பாத்துக்கிட்டு நிக்கிறதா? அதுக்கு நான் வரல்ல."

கனடாக்காரர் மெதுவாகக் கேட்டார்: "பை திறந்த கூட்டம் எவ்வளவோ கிடக்கே அக்கா. அங்க போகலாமே."

"அங்க ஆரோட பறையிற?" என்றார் அக்கா.

போடியார் பாக்குவெட்டியைத் தூக்கினார். அவருடைய ஆள் நடுவழியில், மழையில் நின்றான். போடியார் என்னைப் பார்க்காமல், சோறு கொண்டு வந்து நின்ற மனைவியையும் பார்க்காமல், திரையில் எதையெதையோ தேடித் தேடி அமத்தினார். முகம், நட்ட பயிரைப் பிடுங்குகிறவரின் முகம்போல இருந்தது.

"அக்கா" என்றார். "இண்டைக்கு நாகத்துக்குப் போறம். மருந்துக்கு ஆள் வேணும். பை திறந்து கிடக்கு."

அக்காவின் உருவம் திரும்பிக் கூட்டத்தோடு வந்து நின்றது.

"அப்ப இனிக் கதவாலயும் போகலாமா போடியார்?" என்றார் கனடாக்காரர்.

"நீ நடந்து வா."

அன்றைக்கு நாகம் விழுந்தது. குகை முழுக்கப் பொன் சிதறியது. ஒரு நொடியில் எல்லாருடைய பையும் நிரம்பிவிட்டது. "அட, இவ்வளவுதானா" என்று அக்கா சிரித்தார். போடியார் மட்டும் தனக்கு அந்த வசதியைப் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய ஆள் குனிந்து ஒரு காசு எடுப்பான், நிமிர்வான், அடுத்த காசுக்குக் குனிவான்.

"போடியார், கெதியா வாங்க" என்றார் ஒருவர்.

"வாறன், வாறன்."

"விடுங்ககா. அவர் பொறுக்கட்டும்" என்றார் அக்கா. "நாம நிப்பம்."

அந்தப் பட்டாளம் முழுவதும் குகை வாசலில் வரிசையாக நின்றது. என் கடை வாசலிலும் யாரோ வந்து நின்று என்னைக் கூப்பிட்டார்கள். அவர் கடைசிக் காசைப் பொறுக்கும்வரை எழும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை.