ஏழுமலைக்கு நெத்திலி, எனக்கு ரசம்

பொறாமை எனக்குப் புதிதில்லை. சகலை கார் வாங்கியபோது ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு போர்வெல்லில் எங்களைவிட அதிகமாகத் தண்ணீர் வந்தபோது (அதுவும் நல்ல தண்ணி) அவர்கள் கொடுத்தனுப்பிய கேசரியைத் தொடவில்லை. ஆனாலும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பூனைக்குட்டியைப் பார்த்து வயிறெரிந்தவன் திண்டிவனத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

என் பெயர் ஏழுமலை. இந்த விஷயத்தில் பெயர் முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குட்டி வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அதுவரை என் மனைவி அமுதா அந்தப் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவள் அம்மா சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டவள். ஸ்கூட்டி ஓட்டுவாள், செல்போனிலேயே கரண்ட் பில் கட்டுவாள், ஆனால் அந்த செல்போனில் என் நம்பர் 'அவரு' என்றுதான் இருக்கிறது. திருப்பதிக்கே போனாலும் கூட்டம் மொத்தமும் ஏழுமலையானைக் கூப்பிடும்போது இவள் மட்டும் 'பெருமாளே' என்பாள். ரேஷன் கடையில் கேட்டால், "கார்டுல போட்டிருக்குது பாருங்க" என்று நீட்டிவிடுவாள். எனக்கு 'ஏங்க'தான் பெயர். அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒருநாள் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) வாங்கப் போனவள், பையில் மல்லாட்டைக்கு மேலே ஒரு பூனைக்குட்டியை வைத்துக்கொண்டு வந்தாள். மேம்பாலத்துக்குக் கீழே அட்டைப்பெட்டியில் போட்டு யாரோ விட்டுப் போயிருந்தார்களாம்.

"ஒரு பத்து நாளைக்குத்தாங்க. நல்ல எடமா பார்த்துக் குடுத்துடலாம்" என்றாள்.

பேர் வைத்தால் பாசம் வந்துவிடும், அதனால் பேர் மட்டும் வைக்கக் கூடாது என்று கறாராகவும் சொன்னாள். ஆகவே அதைக் கண்ணு, தங்கம், ராஜா, பட்டு என்றெல்லாம் கூப்பிட்டாள். (இதெல்லாம் பேரில்லையாம்.)

எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை டப்பா இருக்கும் இடத்தைக் கை காட்டுகிறவள், குட்டிக்கு வெதுவெதுப்பாக ஆகாரம் கரைத்து, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக் கொடுத்தாள். என்னுடைய மெத்தென்ற பழைய வேட்டி அதற்குப் படுக்கையானது. நான் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றினால், "ஷ்... இப்பதான் தூங்கிக்கினு இருக்கான்" என்பாள். அதுவோ, நான் பக்கத்தில் போனாலே முதுகைத் தூக்கிக்கொண்டு சீறும். என் வீட்டில், என் வேட்டியில் படுத்துக்கொண்டு என்னையே சீறும்.

எட்டாம் நாள் எனக்கு வழி கிடைத்தது. விழுப்புரத்தில் நான் வேலை செய்கிற டைல்ஸ் கடை முதலாளியின் அக்கா சரோஜா, பூனை வளர்க்க ஆசை என்றார். அமுதாவிடம் சொன்னால் பத்து நாள் இருபதாகும் என்று எனக்குத் தெரியும். "விழுப்புரத்துல ஒரு நல்ல டாக்டரு இருக்காரு, ஊசி போட்டு இட்டாரேன்" என்று மட்டும் சொன்னேன். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் குட்டியை வைத்து, அழுகிற குரலுக்கு பஸ் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

சொன்ன பொய்யில் பாதியாவது உண்மையாகட்டும் என்று முதலில் டாக்டரிடம் போய், ஒரு ஆட்டுக்கும் ஒரு ராஜபாளையம் நாய்க்கும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கார்டு எழுதுகிற பெண் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"பேரு?"

"ஏழுமலை."

"வயசு?"

"நாப்பத்து மூணு."

இப்போது தலையைத் தூக்கினார். "சார், உங்க வயசு இல்ல, பூனை வயசு."

வயதை அடித்துவிட்டு 'இரண்டு மாதம்' என்று எழுதினார். பெயரை அடிக்கவில்லை. அதை நான் கவனிக்கவுமில்லை. உள்ளே போனதும் டாக்டர் குட்டியின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, கார்டையும் பார்த்து, "ஏழுமலைக்கு வயித்துல பூச்சி இருக்குது" என்றார்.

"எனக்கா சார்?" என்றேன்.

மருந்துச் சீட்டுக்காக அங்கேயே நின்ற ஆட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் ஆடே மிரண்டது. அங்கேயே பெயரைத் திருத்தியிருக்கலாம். வெட்கத்தில் கார்டைக் கூடையில் திணித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

சரோஜா அக்கா வீட்டில் அவர் கணவர் கோதண்டமும் இருந்தார். ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர், குரல் மட்டும் இன்னும் டியூட்டியில் இருந்தது. என்னை 'டைல்ஸ் தம்பி' என்று மட்டுமே அறிந்தவர். கார்டை எடுத்துப் படித்தார். குட்டி சோபாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

"ஏழுமலை, அங்க இன்னாடா பண்ற? முன்னாடி வாடா" என்றார்.

நான் எழுந்து இரண்டடி முன்னால் போய் நின்றேன்.

என் பெயர் தெரிந்த சரோஜா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் குட்டி வெளியே வந்து, நேராகக் கோதண்டத்தின் மடியில் ஏறி, குர்குர்ரென்று கண்ணை மூடிக்கொண்டது. எனக்கு அப்போது வந்த எரிச்சல் இருக்கிறதே! அமுதாவிடம் கொஞ்சினால் சரி, அவள் ஊட்டி வளர்த்தவள். இந்த மனுஷன் என்ன கொடுத்தார்? பஸ்ஸில் அத்தனை பேர் முறைப்பையும் வாங்கிக்கொண்டு தூக்கி வந்தவன் நான்.

போன் அடித்தது. அமுதா.

"ஊசி போட்டாச்சாங்க? ரொம்ப அழுதானா? போனை அவன் காதாண்ட வைங்க."

ஸ்பீக்கரைப் போட்டு வைத்தேன்.

"கண்ணு, ஜல்தி வந்துடுடா. உனக்கு நெத்திலி வாங்கி வெச்சிருக்கேன்."

குட்டி தலையைத் தூக்கி, போனைப் பார்த்து மெல்லக் கத்தியது.

"எனக்கு?" என்றேன்.

"ஒங்களுக்கு ரசம் இருக்குதுங்க."

போனை வைத்தேன். "வூட்ல சொல்லாமலா எடுத்தாந்த?" என்று சரோஜா அக்கா கேட்டார். நான் தரையில் எங்கள் கடை டைல்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவமானமாக இருந்தது. கோதண்டம் குட்டியை எடுத்து என் கூடையில் வைத்தார்.

"எடுத்துக்கினு போ தம்பி. இத்த இங்க உட்டுட்டுப் போனா உனக்கு ரசமும் இருக்காது."

திரும்பி வரும்போது கூடைக்குள் கையை விட்டேன். சீறவில்லை. என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. திண்டிவனம் வரை கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டேன். அமுதா குட்டியை வாங்கிக்கொண்டாள், கூடையிலிருந்த கார்டையும் எடுத்தாள். படித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"இன்னாங்க இது?"

"பேரு கேட்டாங்க, சொல்லிட்டேன்."

அவள் தரையில் உட்கார்ந்து, நெத்திலித் தட்டைக் குட்டியின் முன்னால் நகர்த்தினாள். அதன் தலையைத் தடவினாள். பிறகு தாழ்ந்த குரலில், சொல்லிப் பார்க்கிற மாதிரி, "ஏழுமலை" என்றாள். "வாடா ஏழுமலை, துன்னு தங்கம்."

பதினாறு வருஷம். நான் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அது வந்தது, தங்கத்தோடு வந்தது, ஆனால் என்னைத் தாண்டி ஒரு பூனைக்குப் போனது.

"இப்ப மட்டும் எப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"அது பூனை பேருங்க. ஒங்க பேர நான் எங்க சொன்னேன்?"

அதற்குப் பிறகு இடம் பார்க்கிற பேச்சே இல்லை. இப்போது ஏழுமலைக்கு மூன்று வயது, தொப்பை என்னைவிடப் பெரியது. சாயங்காலம் அமுதா வாசலில் நின்று, "ஏழுமலே, எங்கடா சுத்திக்கினு இருக்க?" என்று குரல் கொடுத்தால் தெருமுனை டீக்கடையில் நான் டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறேன். "உன்ன இல்லப்பா, நீ குடி" என்று மாஸ்டர் உட்கார வைக்கிறார்.

போன மாதம் பேங்க்கில் அமுதாவுக்கு ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டியிருந்தது. கவுண்டரில் இருந்தவர், "கணவர் பேரு?" என்றார். நீட்டுவதற்குக் கையில் ரேஷன் கார்டு இல்லை. நான் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். இன்றைக்காவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

"எங்க பூனை பேருதாங்க அவருக்கும்" என்றாள்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "பூனை பேரு என்னம்மா?" என்றார்.

"ஏழுமலைங்க."