கல்லுக்கு மூன்று விசில்

ஒரு பொருளைக் கழுவ வேண்டுமா, கழுவாமல் அப்படியே விட வேண்டுமா? இன்று வரை எனக்கு விடை தெரியாத கேள்வி இது. கீரை, திராட்சை, பால் புட்டி, பேருந்தில் வாங்கிய சில்லறை என்று எல்லாவற்றையும் கழுவியே வாழ்ந்தவள் நான். (சில்லறையையுமா என்று கேட்காதீர்கள். கழுவித் துண்டு விரித்துக் காயவும் வைத்திருக்கிறேன்.) அந்தப் பழக்கம் ஒருமுறை என்னை நடுத்தெருவில் நிறுத்தியது.

மாமியார் காலமான பிறகு மாமனாரைத் தனியாக விட மனமில்லாமல், நானும் என் மகள் யாழினியும் சென்னையிலிருந்து குடவாசல் பக்கத்தில் இருக்கும் கணவரின் ஊருக்கு வந்துவிட்டோம். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. யாழினியை இங்கே மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். வீட்டில் காது வலிக்கும் அளவுக்குப் பேசுகிற பெண், பள்ளியில் வாயே திறக்கவில்லை. பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்கினாள். சில வாரங்கள் பொறுத்துப் பார்த்த வகுப்பாசிரியை, "பாப்பாவுக்குப் பேச்சு வரும்தானே?" என்று என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அன்று குழம்புக்கு உப்புப் போட்டேனா என்பதே எனக்கு நினைவில்லை. (போட்டிருந்தேன். இரண்டு முறை.)

அந்தச் சமயத்தில்தான் கல் வந்தது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது. வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன என் மாமனாரோடு யாழினியும் போனாள். திரும்பும்போது அவள் உள்ளங்கையில், கட்டைவிரல் அகலத்துக்கு முக்கோணமாக ஒரு வெளிறிய கல். இரண்டு ஓரத்திலும் யாரோ செதுக்கியதுபோல் சின்னச் சின்னப் பள்ளங்கள். அவற்றில் மண் அப்பியிருந்தது.

"அம்மா, இது அம்போட முனை. ஆதி மனுஷன் செஞ்சது. புக்குல படம் இருக்கு."

"எங்க கிடந்துச்சு?"

"புதுப் பாலத்துக்குக் கீழ, தண்ணிக்குள்ள. காய்ஞ்சதும் கலர் போயிடுச்சு. அதான் நக்கிப் பார்த்தேன்."

அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. ஆதி மனிதன் இருக்கட்டும், அந்த வாய்க்காலில் காலையில்தான் மாடு குளித்தது.

மாமா கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "நம்ம ஊர்ல கல்லு ஏதும்மா? நானும் சின்ன வயசுலேர்ந்து மண்வெட்டி போடறேன், ணங்குன்னு ஒரு சத்தம் கேட்டதில்ல. முன்னயெல்லாம் அரிசியில கிடக்கும். இப்ப அதுவும் இல்ல."

மறுநாள் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு பொருளைக் கொண்டு வந்து அதைப் பற்றிப் பேச வேண்டுமாம். யாழினி தானாக எழுந்து, "மிஸ், நான் ஒரு அம்பு கொண்டு வரேன்" என்றாளாம். அந்தப் பள்ளியில் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான். ஆசிரியைக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ வேறு கவலை. அது வெறும் ஜல்லியாக இருந்து, பிள்ளைகள் சிரித்துவிட்டால்? இரண்டாவது வாக்கியத்தை அவள் கல்லூரியில்தான் பேசுவாள் என்று தோன்றியது.

போன் கேமராவில் கல்லைக் காட்டி இணையத்தில் தேடினேன். அம்பு முனை என்றது. கொஞ்சம் திருப்பிக் காட்டினேன், கொட்டைப்பாக்கு என்றது. விளக்கடியில் வைத்தேன், நாய் பிஸ்கட் என்றது.

கணவரிடம் சொன்னதும் அவர் தன் நண்பரின் மனைவி தேன்மொழியின் எண்ணைக் கொடுத்தார். கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர், தொல்லியல் படித்தவர். உடனே கூப்பிட்டேன். "நாளைக்குச் சாயங்காலம் கொண்டு வாங்க, பார்த்துடலாம்" என்றார். நாளை வியாழக்கிழமை. நேரம் சரியாக இருந்தது.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் படித்தவர் கையில், மாடு குளித்த, என் மகள் நக்கிய கல்லை எப்படிக் கொடுப்பது? பாத்திரம் தேய்க்கும் பவுடரையும் பழைய டூத் பிரஷ்ஷையும் எடுத்தேன். பள்ளங்களில் இருந்த மண்ணை ஊசியால் நோண்டினேன். கல் பளபளத்தது. அப்போதும் கிருமி கண்ணுக்குத் தெரியாதே என்ற நினைப்பு வந்தது. யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது பால் புட்டிகளைக் கொதிக்க வைத்த அனுபவம் கைகொடுத்தது. கல்லைக் குக்கரில் வைத்தேன்.

மூன்று விசில் விட்டேன். (பருப்புக்கு மூன்று என்பதால்.) சூட்டோடு இடுக்கியால் எடுத்துக் குழாயடியில் காட்டினேன். 'டக்' என்றது. இடுக்கியில் பாதிக் கல் இருந்தது. மீதி தொட்டியில் கிடந்தது.

திரும்பினால் யாழினி. அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டு துண்டையும் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். பள்ளியில் இருந்த அந்த மௌனம் இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

கணவருக்கு வீடியோவில் துண்டுகளைக் காட்டினேன்.

"குக்கர்லயா? எத்தனை விசில்?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"இல்ல, வெந்துச்சான்னு கேட்டேன்."

வியாழக்கிழமை கும்பகோணம் பேருந்தில் யாழினி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தேன்மொழிக்கு என் வயதுதான் இருக்கும். காபி கொடுத்துவிட்டுத் துண்டுகளைக் கையில் எடுத்தார்.

"இந்தப் பள்ளத்துலல்லாம் மண்ணு இருந்திருக்குமே, எங்கங்க?"

"சுத்தமா எடுத்துட்டேங்க. ஊசியால." கொஞ்சம் பெருமையாகவே சொல்லித் தொலைத்தேன்.

"உடைஞ்சது எப்படி?"

நான் காபியில் ஆடை இருக்கிறதா என்று ஆராய்ந்தேன். ஒரு நாள் முழுக்கப் பேசாத யாழினி வாய் திறந்தாள். "குக்கர்ல வெச்சாங்க ஆன்ட்டி. மூணு விசில்."

தேன்மொழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சிரிப்பை அடக்க அவருக்கு அந்த நேரம் தேவைப்பட்டது. பிறகு பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, உடைந்த பக்கத்தை நாக்கால் லேசாகத் தொட்டார். யாழினி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"பழக்கமாயிடுச்சுங்க. நனைஞ்சாதான் கலர் தெரியும்."

"தாராளமா செய்ங்க. ஊரிலேயே சுத்தமான கல் அதுதான்" என்றேன்.

யாழினியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு அவர் காட்டினார். "உடைஞ்ச இடம் என்ன கலர்?"

"தேன் கலர்."

"வெளிய?"

"வெள்ளை."

"அந்த வெள்ளை, கல்லு மேல வர்ற தோல் மாதிரி. ரொம்ப ரொம்பக் காலம் கிடந்தாத்தான் வரும். செதுக்கின பள்ளத்தை இப்பப் பாரு. அதுக்குள்ளயும் வெள்ளைதான். போன வருஷம் ஜல்லி உடைக்கிற மிஷின்ல பட்ட அடியா இருந்தா அதெல்லாம் தேன் கலர்ல இருக்கணும். அப்ப, தோல் வர்றதுக்கு முன்னாடியே யாரோ உக்காந்து தட்டியிருக்காங்க. அம்பு முனைன்னுதான் நான் சொல்லுவேன்."

பிறகு என்னிடம், "உடையாம இருந்தா உள் கலர் எனக்குத் தெரிஞ்சிருக்காது. நானா உடைச்சிருக்கவும் மாட்டேன்" என்றார். என் முகம் மலர்வதைப் பார்த்திருக்க வேண்டும். "அதுக்காக, கிடைக்கிறதையெல்லாம் குக்கர்ல போட்டுடாதீங்க."

மாமா சொன்னதும் சரிதானாம். அது எங்கள் ஊர்க் கல் இல்லை. பாலம் கட்ட வந்த ஜல்லியோடு லாரியில் வந்திருக்கலாம். ஒட்டியிருந்த மண் மட்டும் இருந்திருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லியிருக்க முடியுமாம். அவ்வளவு காலம் அந்தக் கல் பத்திரமாக வைத்திருந்த முகவரியை நான் டூத் பிரஷ்ஷால் தேய்த்துச் சாக்கடையில் விட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, பார்க்க வந்திருந்த அம்மாக்களோடு வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யாழினி துண்டுகளை வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. முன்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். அவள் என்னைத் தேடிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"இது அம்பு முனை. எங்கம்மா இதைக் குக்கர்ல வேக வெச்சாங்க."

வகுப்பே சிரித்தது. அம்மாக்களும் சிரித்தார்கள். நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒதுங்க இடம் பார்த்தேன். ஆனால் யாழினியும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்து, தோல், தேன் நிறம், லாரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் ஆசிரியையே, "போதும் யாழினி, மத்தவங்களும் பேசணும்ல" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வாக்கியத்துக்காக நான் இன்னும் பத்துக் கல்லை வேக வைப்பேன்.

துண்டுகள் இப்போது தேன்மொழியிடம் இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் மிஞ்சியது கதை. பருப்பு வேகவில்லை என்றால் மாமா, "கல்லே வெந்துச்சு, இதுக்கென்னம்மா" என்கிறார். கணவர் போனில் முதலில் கேட்பது, "இன்னிக்கு என்ன, கல்லா சோறா?"

பிரச்சினை அதில்லை. யாழினிக்கு இப்போது இரண்டு தோழிகள். பள்ளி விட்டதும் மூவரும் பாலத்தடியில் துழாவிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். இதை எழுதும்போதும் எதிரில்தான் இருக்கிறார்கள். ஆறு கையிலும் முழங்கை வரை சேறு. கழுவிட்டு வாங்கடி என்றால் மூன்று பேரும் சேர்ந்து, "ஆதாரம் போயிடும்" என்கிறார்கள்.

பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கழுவச் சொல்வதா, விட்டுவிடுவதா? கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. சோறு ஆறுகிறது.