கருவி எண் மூன்று: பிச்சமுத்து

திருச்சியில் கட்டட வரைபடங்களைப் பாதுகாக்கும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. எது என்று கேட்காதீர்கள். என் வீட்டுக் கோப்பும் அங்கேதான் இருக்கிறது.

அந்த அலுவலகத்துக்கு ஏஐ ஏஜென்ட் வருவதாக மேலிடம் மெத்த மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டது. ரெக்கார்டு ரூம் பிச்சமுத்து பதினோராயிரம் கோப்புகளையும் தூசி தட்டி, தும்மித் தும்மி ஸ்கேன் செய்து முடித்தார். கோப்பு எடுக்க அது பயன்படுத்தும் கருவிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவதுதான் பாக்கி. அந்தப் பொறுப்பு சூப்பரிண்டெண்ட் செபஸ்தியான் தலையில் விழுந்தது.

மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்த பிரவீன்ராஜ் விளக்கினான்.

"மெஷினுக்குத் தானா எதுவும் தெரியாது சார். நீங்க எழுதறதைப் படிச்சு அப்படியே செய்யும். ஒருத்தர் ஃபைல் கேட்டா இங்க என்ன நடக்குமோ, ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க."

"உள்ளது உள்ளபடியா தம்பி?"

"உள்ளது உள்ளபடி சார்."

செபஸ்தியான் நேர்மையானவர். எழுதினார்.

"கருவி எண் ஒன்று: கோப்பு தேடு. மனுதாரர் முதல் முறை கேட்கும்போது, நாளைக்கு வாங்க எனத் தெரிவிக்கவும். மறுநாள் வந்தால், முதல் நாள் வந்ததற்கு அத்தாட்சி கோரவும்.

கருவி எண் இரண்டு: கோப்பு எடு. சீட்டில் ஆள் உள்ள நேரத்தில் மட்டும் இயங்கும். வைகுண்ட ஏகாதசி உள்ளூர் விடுமுறை. அதற்கு ஈடாக வேலை செய்யவேண்டிய சனிக்கிழமையும் இயங்காது.

கருவி எண் மூன்று: பிச்சமுத்து. உள்ளீடு: டீ ஒன்று, சர்க்கரை கம்மி. வெளியீடு: கோப்பு இருக்கும் இடம், அல்லது கொட்டாவி."

பிரவீன்ராஜ் அதைப் படிக்கவில்லை. படிப்பது மெஷினின் வேலை அல்லவா? அப்படியே ஏற்றிவிட்டுச் சென்னை பஸ் பிடித்தான்.

முதல் நாள் காலை பதினொரு மணிக்குள் எதிர்க் கடையிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு டீ வந்து இறங்கியது. எல்லாம் சர்க்கரை கம்மி. ஒவ்வொரு மனுவுக்கும் ஏஜென்ட் கடைக்கு ஆர்டர் அனுப்பி, கருவி மூன்றை முறைப்படி இயக்கியிருந்தது. பிச்சமுத்து ஒன்பது டீ குடித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். மிச்சத்தை மனுதாரர்கள் குடித்தார்கள். அந்த அலுவலகத்தில் பொதுமக்கள் கையில் ஏதோ ஒன்று கிடைத்தது அன்றைக்குத்தான்.

மாம்பழச்சாலை டோரதி டீச்சருக்கு டீ வேண்டாம், கோப்புதான் வேண்டும். மாடிக்குத் தூண் எழுப்பிவிட்டார். அனுமதித்த வரைபடம் இல்லாமல் கூரை போடக்கூடாது என்று கொத்தனாரை நிறுத்திவிட்டார்கள். ஏழு மாதமாக ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி வந்துபோகிறார். கம்பிகள் மழையில் துருப்பிடிக்கின்றன.

திரையில் மனு எண்ணைத் தட்டினார். "நாளைக்கு வாங்க" என்று வந்தது.

"முன்னாடி இதைச் சொல்லவே அரை நாள் ஆகும் டீச்சர். இப்ப பாருங்க, ரெண்டே செகண்ட்!" என்றார் செபஸ்தியான் பெருமையாக.

டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. குறிப்பை வாங்கி, கைப்பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, வரி வரியாகப் படித்தார்.

"இதுல எங்கயுமே ஃபைல் இருந்தா குடுத்துடுன்னு எழுதலையே சார்?"

செபஸ்தியான் நிஜமாகவே யோசித்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல அப்படி ஒரு சர்க்குலர் வந்ததே இல்லீங்க டீச்சர்."

டீச்சர் தானே எழுதினார்: "கோப்பு இருந்தால் உரியவரிடம் உடனே கொடுக்கவும். அதன்மேல் செய்ய வேண்டியதையும் தாமதமின்றிச் செய்யவும்." இரண்டாவது வரி, கூரைக்கு இன்னொரு தடவை அலையாமல் இருப்பதற்காக.

"வேணாங்க டீச்சர்," என்றார் பிச்சமுத்து. "அத்தனையும் ஸ்கேன் பண்ணவன் நான். அதுங்க பாட்டுக்குத் தூங்கட்டும், எழுப்பாதீங்க."

ஒரு டீச்சர் சிவப்பு மையில் எழுதியதை இந்த ஊரில் மாற்ற யாருக்குத் துணிச்சல் உண்டு? செபஸ்தியான் ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலை பதினோராயிரம் கோப்புகளும் உரியவர்களின் போனுக்குப் போய்ச் சேர்ந்தன. டோரதி டீச்சர் போனைத் திறந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னார். பிறகு இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். ஏஜென்ட் வரைபடத்தை வானத்திலிருந்து எடுத்த படத்தோடு பொருத்திப் பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்திருந்தது. "வரைபடத்தில் பின்புறம் ஐந்தடி காலியிடம். நேரில் சமையலறை. பதினைந்து நாட்களுக்குள் இடித்துவிட்டுக் கூரை போடவும்."

காற்றோட்டத்துக்காகக் கொஞ்சம் தள்ளிக் கட்டியதுதான். யார்தான் கட்டவில்லை? துறையூர் ரோட்டிலிருந்து ஜீயபுரம் வரை எல்லோருக்கும் இரண்டாம் பக்கம் வந்திருந்தது. அலுவலகத்துக்கே ஒன்று வந்தது. வரைபடப்படி செபஸ்தியான் நாற்காலி போட்டிருக்கும் இடம் மாடிப்படி.

அடுத்த நாள் தெருமுனை வரை கூட்டம். கூட்டு மனுவில் முதல் கையெழுத்து டோரதி டீச்சருடையது.

"நான் எழுதின ரெண்டு வரியையும் அடிச்சுடுங்க சார். ஃபைலையும் நோட்டீஸையும் திரும்ப வாங்கிக்குங்க."

"சிவப்பு மையாச்சே டீச்சர்?"

"நானே அடிக்கறேன், குடுங்க."

அடித்தார். செபஸ்தியான் அனுப்பியதையெல்லாம் திரும்பப் பெற்று, குறிப்பைப் புதிதாக ஏற்றினார். டீச்சர் மறுபடி முதலிலிருந்து மனு எண்ணைத் தட்டினார். கூட்டம் திரையை எட்டிப் பார்த்தது.

"நாளைக்கு வாங்க" என்று வந்தது.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எதிர்க் கடையிலிருந்து டீ வந்தது. நான் இரண்டு குடித்தேன். என் வீட்டு பால்கனி தெருவுக்குள் நாலடி நீட்டிக்கொண்டிருக்கிறது.

டீச்சர் வீட்டுக் கம்பிகள் இன்னும் துருப்பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவரும் வாரம் தவறாமல் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி வருகிறார், கோப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள.