தைம் செடிக்கு ஒரு சொம்பு சிறுவாணி

உபகாரிகள் என்றொரு இனம் கோயம்புத்தூரில் செழித்து வளர்கிறது. கேட்டால் உதவுகிறவர் சாதாரண மனிதர், அவரை விடுங்கள். கேட்காமல் உதவுகிறவர், வேண்டாமென்று கும்பிட்ட பிறகும் உதவுகிறவர், உதவி செய்து முடித்தபின் மிச்சம் மீதியைப் பார்த்து, "நான் இருந்ததால் இதாவது மிஞ்சியது" என்று பெருமூச்சு விடுகிறவர், அவரே அசல் உபகாரி. வடவள்ளி அங்கப்பனை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டுக் கிருபாவதி டீச்சர் பொள்ளாச்சியில் தங்கை வீட்டுக்குப் பத்து நாள் போகவேண்டியிருந்தது. கார்த்திகை மழை வேறு. அவர் மாடியிலோ தைம் என்கிற சீமை வாசனைச் செடி ஒரே ஒன்று. ஸ்பெயினில் நர்ஸாக இருக்கும் மகள் டெய்சி, தன் வீட்டுக்குப் பின்னால் காய்ந்த கரட்டு மேட்டில் தானாக முளைத்துக் கிடக்கிறது, வாசம் ஆளைத் தூக்குகிறது என்று விதை அனுப்பியிருந்தாள். அறுபது விதையில் பிழைத்தது ஒன்று. நான்கு வருஷம் கழித்து மகள் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். அவளுக்கு அந்தச் செடியைப் பூவோடு காட்டவேண்டும், அவ்வளவுதான் அந்தத் தாயின் ஆசை. மொட்டும் விட்டிருந்தது.

"ஏனுங்கண்ணா, மழை படாம உங்க போர்டிகோவுல வச்சுக்கங்க. தண்ணி மட்டும் வேண்டாமுங்க. அது வறண்ட காட்டுச் செடி."

"நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க டீச்சரம்மா."

பந்தியில் 'போதுங்க' என்று இலையை மறைக்கிற கையை விலக்கிவிட்டு இன்னும் இரண்டு கரண்டி போடுகிற குடும்பத்தில் பிறந்தவர் அங்கப்பன். 'வேண்டாமுங்க' என்றால் கூச்சம். கூச்சம் என்றால் இன்னும் கொஞ்சம். மறுநாள் காலையிலேயே ஒரு சொம்பு ஊற்றினார்.

"ஏனுங்க, டீச்சரு தண்ணி வேண்டாம்னாங்கல்லங்க?" என்றாள் மனைவி சுப்பாத்தாள்.

"மருவாதிக்குச் சொல்லீருப்பாங்க. நம்மூட்டுக்கு வந்ததை வாய் நனைக்காம வச்சிருந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க? சிறுவாணித் தண்ணி குடிச்சு எந்த உசுராச்சும் செத்திருக்குதா?"

மூன்றாம் நாள் இலை வெளுத்தது. தாகம் என்று கண்டுபிடித்து இரண்டு சொம்பு. ஐந்தாம் நாள் தண்டு கறுத்தது. சத்துக் குறைவு என்று தீர்மானித்து, காந்திபுரத்தில் பஸ் ஏறி, வெள்ளகோவில் மச்சான் வீட்டில் இறங்கி, ஒரு கேன் பஞ்சகவ்யத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்து, அதையும் ஊற்றினார். ஏழாம் நாள் மொட்டு உதிர்ந்தது. அங்கப்பன் பதறிப்போனார். நிஜமான பதற்றம், நடிப்பில்லை. இந்த இனத்தின் கொடுமையே அதுதான்.

டீச்சர் வந்து தொட்டதும் செடி வேரோடு கையில் வந்தது. தொட்டியில் சேறு.

"தண்ணி ஊத்துனீங்களாண்ணா?"

"குறையே வைக்கலீங்க. ஒரு வேளை தப்பல. சீமைச் செடி பாருங்க, குடுத்ததை வாங்கிக்கத் தெம்பில்ல."

டீச்சர் சாணி நாற்றமடித்த அந்தக் குச்சியை முந்தானையால் துடைத்துக்கொண்டே நின்றார். கண்ணில் நீர் வழிந்தது. அங்கப்பனுக்கு மனசு கேட்கவில்லை.

"அழுவாதீங்க. டெய்சி அம்மணி என்னைக்கு வருதுன்னு சொல்லுங்க. ஏர்போர்ட்டுக்கு நானே போய்க் கூட்டியாந்துடறேன்."

"ஐயோ, வேண்டாமுங்கண்ணா!"

"அதெல்லாம் இருக்கட்டுங்க. பிளேன் எத்தன மணிக்கு?"

சிரிப்பு வருகிறதா? நல்லது. உங்கள் பக்கத்து வீட்டார் ஊருக்குப் போகும்போது உங்களிடம் சொல்லிக்கொண்டு போகிறார்களா? அல்லது கதவில் தொங்கும் பூட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறீர்களா?