செழியனுக்குச் சிக்னல் இல்லை

"முதல் குடத்தை மூத்த பிள்ளைதான் ஊத்தணும். அவரைக் கூப்பிடுங்கோ" என்றார் ஐயர், மறுபடியும்.

மணையில் ராணியம்மாளோடு உட்கார்ந்திருந்த பரசுராமன் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். அவருக்கு அறுபதாம் கல்யாணம். வேங்கிக்கால் வீட்டு வாசலில் பந்தல், பந்தல் நிறைய உறவு. பத்திரிகையில் 'தங்கள் வரவை விரும்பும் செழியன்' என்று ஒரே மகனின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். அது குடும்ப கௌரவம். அந்தச் செழியனுக்கு மட்டும் ஒரு பத்திரிகை போகவில்லை. அதுவும் குடும்ப கௌரவம்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் செழியன் தன் இஷ்டத்துக்கு ஆர்த்தியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "நானாக் கூப்பிடாம இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. பிள்ளையும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன், கூப்பிடாமல் வரவில்லை. இந்தச் சங்கதி வீட்டுச் சுவரைத் தாண்டியதும் இல்லை. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் பையன் பெங்களூரில் நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஓட்டுகிறான், லீவு கிடைப்பதில்லை என்பதுதான்.

"இன்னா மாப்ள, செழியனைக் காணோம்?" என்றார் ராணியம்மாளின் அண்ணன் கோதண்டராமன், பந்தலுக்கே கேட்கிற குரலில்.

பரசுராமனுக்குக் காலையில் பேப்பரில் படித்தது கை கொடுத்தது. விமானம் என்று எந்த மூலையில் சேதி வந்தாலும் அவர் கண் அங்கே போய் நின்றுவிடும்.

"சூரியன்ல ஏதோ புயலாம் மச்சான். செயற்கைக்கோள்லேர்ந்து வர்ற சிக்னல் விட்டு விட்டு வருதாம். பெரிய விமானத்துல வேற கருவிங்க ஜாஸ்தி. சின்ன விமானக்காரங்க அந்த ஜி.பி.எஸ். பெட்டியைத்தான் நம்பிக்கினு ஓட்றாங்க. அது பேசலைன்னா எப்படிக் கிளம்பறது?"

"பஸ்ல வர்றது! பெங்களூர் பஸ்ஸுக்கு இன்னா புயலு?"

பரசுராமனுக்கு வியர்த்தது. "இல்ல... கிளம்பிட்டான். கிளம்பின அப்புறம்தான் சிக்னல் போச்சு."

அக்கா ஜோதியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயோ தம்பி! எம்புள்ள வானத்துல வழி தெரியாம நிக்குதா?"

"நிக்காதுக்கா. விமானம் நிக்காது."

"நிக்கக்கூட முடியாதா!" என்று அவள் இன்னும் பலமாக அழுதாள்.

கோதண்டராமன் லேசில் விடுகிறவர் இல்லை. "ஏன் மாப்ள, இம்மாம் பெரிய மலை நம்மூர்ல இருக்குது. செங்கம் வரும்போதே கண்ணுக்குத் தெரியுது. அதைப் பாத்துக்கினு வர வேண்டியதுதானே?"

"மேகம் மறைச்சிருக்கும்."

எல்லோரும் பந்தலை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். மழை பொய்த்துப்போன ஐப்பசி. வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. மலையின் பாறை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இங்க இல்ல மச்சான், வர்ற வழியில. மேகத்துக்குள்ள பூந்துட்டா வெறும் வெள்ளைதான். பெட்டியும் பேசலைன்னா மேல எது, கீழ எதுன்னே தெரியாதாம். ஏரியையும் ரயில் ரோட்டையும் தேடித் தேடி வரணும். அதுக்குள்ள பெட்ரோல் கம்மியாயிட்டா, கிடைச்ச எடத்துல எறக்கணும்..."

பாதியில் நிறுத்தி, அவரும் வானத்தைப் பார்த்தார். சொன்னது பொய்தான். ஆனால் மூன்று வருஷமாகப் படுக்கையில் புரளும்போதெல்லாம் கூடவே புரண்ட பயம் அது. ராணியம்மாள் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"எறக்கணும்னா நம்ம ஏரிதான்!" கோதண்டராமன் வேட்டியை மடித்துக் கட்டினார். "வறண்டுதானே கெடக்குது. போய் ஆடு மாட்டையெல்லாம் ஓட்டுங்கடா!"

பந்தலில் பாதி ஏரிக்கு ஓடியது. மீதியை ஜோதியம்மாள் மாடிக்கு ஏற்றினாள். புகை போட்டால் மேலே தெரியும் என்று யாரோ சொல்லிவிட, சமையல்காரரின் எரிகிற விறகும் ஈர வைக்கோலும் படியேறின. மேலே போக வேண்டிய புகை பந்தலுக்குள் இறங்கியது. ஐயருக்கு மந்திரம் பாதி, இருமல் பாதி. சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார்.

"அடுப்புல நெருப்பு இல்லீங்க. சாம்பார் கொதிக்கலைன்னா அதுக்கும் சூரியப் புயல்னு சொல்லிடவா?"

நிறுத்தச் சொல்லத்தான் பரசுராமன் மாலையும் கழுத்துமாக மாடிக்கு ஏறினார். "போதும், எல்லாரும் எறங்குங்க" என்று வாயைத் திறந்தபோது வானத்தில் ஓர் இரைச்சல் கேட்டது.

சின்ன விமானம் ஒன்று தெரு முனைக்கு மேலாக, வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது.

"வந்துட்டான்!" என்று கத்தினாள் ஜோதியம்மாள்.

வந்தது செழியன் இல்லை என்பது அங்கே பரசுராமனுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் அவர் கை தோளிலிருந்த பட்டு அங்கவஸ்திரத்தை உருவியது. தெருப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று அதைத் தலைக்கு மேல் வீசினார்.

"டேய் செழியா! இங்கடா! வீடு இங்கடா! வாடா!"

மூன்று வருஷம் வாயால் சொல்லாத பெயர். குரல் உடைந்தது. வீசிய வேகத்தில் மாலை அறுந்து தெருவில் விழுந்தது. விமானம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மலையைத் தாண்டி, புள்ளியாகி, இல்லாமல் போயிற்று. அதற்கப்புறமும் அவர் வீசிக்கொண்டே இருந்தார்.

மாடியில் நின்ற கோதண்டராமன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

கடைசியில் பரசுராமன் அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். முதுகை நிமிர்த்தப் பார்த்தார், அது நிமிரவில்லை. "சிக்னல் இன்னும் வரலை போல" என்றார். "கீழ வாங்க. முதல் குடத்தை மச்சானே ஊத்தட்டும்."

அப்போதுதான் ஆட்டோக்காரர் தருமன், அறுந்து விழுந்த மாலையைக் கையில் பிடித்தபடி, மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் தயங்கினார்.

"சொல்லுப்பா" என்றார் பரசுராமன்.

"காலையிலேர்ந்து தெரு முனையில, என் ஆட்டோவுலதான் செழியன் அண்ணன் உக்காந்திருக்காருங்க, கூட அந்த அண்ணியும். நீங்களாக் கூப்பிடாம வாசப்படி மிதிக்க மாட்டாராம். இப்போ மாடியில நின்னு துணியை வீசிக் கூப்பிட்டீங்களே ஐயா, அது தன்னைத்தானான்னு உங்களையே கேட்டுட்டு வரச் சொன்னாரு."