ஆ காட்டு அக்கா

மும்பையிலேயே அதிக வாய்களுக்குள் எட்டிப் பார்த்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், பல் டாக்டர்கள் எல்லாரும் இரண்டாம் பரிசுக்குத்தான் அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். முதல் பரிசு எங்கள் தாராவி ஆ காட்டு அக்காவுக்கு. அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்க வாயைத் திறந்தால் உள்ளே டார்ச் அடித்துவிடுவார் என்ற பயத்தில் கேட்கவில்லை.

காசநோய்க்காரர்கள் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அக்காவின் வேலை. எங்கள் பகுதி ஹெல்த் போஸ்ட் அவரை அதற்குத்தான் வைத்திருந்தது. "சாப்பிட்டேன்" என்று சொன்னால் எழுதிக்கொண்டு போகிற ஆள் இல்லை அவர். கண்ணெதிரே விழுங்க வேண்டும். விழுங்கியதும், "ஆ காட்டு. நாக்கத் தூக்கு. இந்தக் கன்னம். அந்தக் கன்னம்." திருட்டு மாத்திரை எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் டார்ச் அணையும்.

இந்தச் சோதனைக்கெல்லாம் காரணம் எங்கள் சந்தில் இருந்த ஒரு குடிகாரர். மூன்று வாரம் மாத்திரையைக் கன்னத்தில் அதக்கிச் சாக்கடைக்கு ஊட்டியவர். பிடிபட்ட பிறகு, அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டாலே காலித் தண்ணீர் டிரம்முக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொள்வார். அக்கா தேடிக் களைக்கவில்லை. ஒருநாள் நேரே வந்து டிரம் மேலேயே உட்கார்ந்து, பையில் இருந்த முறுக்கை எடுத்துத் தின்ன ஆரம்பித்தார். கால் மணி நேரத்தில் டிரம் இருமியது.

அதோடு விட்டாரா? வெறும் வயிற்றில் மாத்திரை நிற்காது என்று மகளிர் மன்றத்தில் சொல்லி அவருக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டு டப்பா ஏற்பாடு செய்தார். குடியை நிறுத்துகிறவர்கள் கூடும் மீட்டிங்குக்கு வாராவாரம் காதைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மனிதர் இன்றைக்குச் சுனாபட்டியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்.

இதையெல்லாம் வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கே ஒருநாள் இருமல் வந்தது. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. மாட்டுங்காவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற வேலை. ஊரார் பெயருக்கு முன்னால் எல்லாம் 'திருவளர்செல்வன்' போட்டு அலுத்து, கடைசியில் எனக்கும் உல்லாஸ்நகரில் ஒரு பெண் பேசியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சளியைச் சோதித்து, டிபி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"அக்கா, யாருக்கும் தெரியக் கூடாது. கல்யாணம் பேசியிருக்காவ."

"பயப்படாத தம்பி. செத்தாலும் என் வாயில இருந்து வராது."

நாலாம் நாள் காலை, தண்ணீர்க் குழாயடியில் யாரோ அக்காவிடம், "அந்தப் பிரஸ்காரன் வீட்டுக்கு எதுக்கு தினமும் போறீய?" என்று கேட்டார்கள். சந்து முழுக்கக் கேட்கும்படி பதில் வந்தது.

"அதுவா? பாவம், மூலம்! உக்கார முடியாமத் தவிக்கான்!"

சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டு வாசலில் மூன்று கிலோ கருணைக்கிழங்கு சேர்ந்துவிட்டது. டெம்போ ஓட்டுகிற எதிர்வீட்டுக்காரர் தன் சீட்டுக் குஷனைக் கழற்றிக்கொண்டு வந்து, "வச்சுக்கோ, தம்பி" என்று கண்கலங்கக் கொடுத்தார். "இதுக்கு டிபின்னே சொல்லியிருக்கலாமே அக்கா" என்று நான் அழாத குறையாகக் கேட்டேன். அவர் டார்ச்சைத் தட்டிக்கொண்டே, "ஆ காட்டு" என்றார்.

மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. அலறிப் புடைத்துக்கொண்டு போன் செய்தேன். "மருந்து வேல செய்யுதுல. ஜூஸ் கடை எதுவும் போட்டுராத" என்று வைத்துவிட்டார்.

சீக்கிரமே வேலைக்குப் போக வேண்டிய நாட்களில் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். அதற்கும் அவர் வீடியோ கால் வைத்திருந்தார். சயானில் ரயில் ஏறி, ஒருத்தர் முழங்கை என் விலாவில் இருக்க, மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனைப் பார்த்து வாயைப் பிளந்தேன். ஸ்பீக்கரில் கணீரென்று குரல்: "இன்னும் பெருசா! நாக்கத் தூக்குல!" பக்கத்தில் நின்ற மராட்டிப் பெரியவர் பரிவோடு, "ஆயி ஹை க்யா?" என்று கேட்டார். அம்மாவா என்கிறார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

இரண்டு மாதத்தில் இருமல் போயே போச்சு. பேன்ட் இடுப்பில் நின்றது. கண்ணாடியில் பார்த்தால் மாப்பிள்ளைக் களை. இனிமேல் எதற்கு மாத்திரை? அக்காவின் நம்பரை பிளாக் செய்தேன். அவர் வருவதற்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஒன்பது நாள் சுதந்திரமாக இருந்தேன். ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, உல்லாஸ்நகரில் எனக்கு நிச்சயதார்த்தம்.

பெண்ணின் அப்பா பலசரக்குக் கடைக்காரர். கூடம் நிறைய ஜமுக்காளம் விரித்து, பெரியவர்கள் தட்டு மாற்ற உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் வாசலில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டது.

பெண் வீட்டார், மாப்பிள்ளைப் பக்கத்துச் சொந்தம் என்று நினைத்து அக்காவுக்குப் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் கொடுத்தார்கள். காபி வந்தது. அக்கா நிதானமாக ஆற்றிக் குடித்து, தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்து விரலால் 'வா' என்றார். காட்டிக்கொடுத்தது யார் என்று திரும்பிப் பார்த்தேன். என் அம்மா மும்முரமாக வெற்றிலையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அடுக்களைப் பக்கம் நின்று கெஞ்சினேன்.

"அக்கா, இன்னிக்கு வேணாம். பொண்ணு வீடு."

"ஏன், பொண்ணு வீட்டுல தண்ணி கிடையாதா?"

"எனக்குத்தான் சொகமாயிட்டே!"

"ஏல, பாதியில விட்டா அந்தக் கிருமி மருந்துக்குப் பழகிட்டுத் திரும்பி வரும். அப்புறம் எந்த மாத்திரயும் லேசுல கேக்காது. விடமாட்டேன்."

சத்தம் கேட்டுப் பெண்ணின் அப்பா வந்துவிட்டார். "யாரும்மா நீங்க? மாப்பிள்ளைக்கு என்ன?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மூலம்ணே. மருந்து குடுக்க வந்தேன்."

மாமா ஜமுக்காளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானும் மூலத்திலேயே ஒட்டிக்கொண்டு தப்பித்திருப்பேன். ஆனால் அடுக்களை வாசலில் ஒரு செம்புத் தண்ணீரோடு மணப்பெண் முத்துச்செல்வி நின்றிருந்தாள். அவள் கண், அக்கா என் கையில் திணித்திருந்த மாத்திரை அட்டையில் இருந்தது.

"இது மூலத்துக்கு உள்ளது இல்ல. எங்க சித்தி சாப்பிட்ட மாத்திர."

"ஆமா, டிபி. ரெண்டு மாசமா சாப்பிடுதேன். ஒம்பது நாளா நிறுத்திட்டேன்" என்றேன். "சொன்னா நீங்க வேண்டாம்னுருவீங்கன்னு பயந்துட்டேன்."

அவள் செம்பை நீட்டினாள். "மொதல்ல முழுங்குங்க."

விழுங்கினேன். அக்கா பழக்கதோஷத்தில் டார்ச்சை எடுத்தார். நிச்சயதார்த்தப் பட்டு வேட்டியில், மாமனார் ஆகப்போகிறவர் முன்னால், ஆ காட்டினேன்.

"நோய்க்காக இல்ல, பொய்க்காகத்தான் கோவம்" என்றாள் முத்துச்செல்வி. "முழுசா முடிச்சு, டாக்டர் எழுதிக் குடுத்த ரிசல்ட்டோட வாங்க. அப்பம் தட்டு மாத்தலாம்."

மாமா முணுமுணுத்தார். தட்டுகள் மாறாமலே திரும்பின. ரயிலில் அக்காவிடம், "அங்கயும் ஏன் மூலம்னீங்க? உண்மையச் சொல்லியிருந்தா நான் வசமா மாட்டியிருப்பேனே" என்றேன்.

"அது உன் நோய். சொல்லுதது உன் இஷ்டம். எனக்கு அதச் சொல்ல உரிமை கிடையாது" என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பி, "நல்ல பிள்ளல. விட்டுராத" என்றார்.

டாக்டர் மறுபடி சோதித்து, விட்ட நாளையும் சேர்த்துச் சாப்பிடச் சொன்னார். ஒரு நாள் தவறவில்லை. ரிசல்ட்டை முத்துச்செல்வி இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் அப்பாவிடம் நீட்டினாள். எங்கள் பத்திரிகையை நானே அச்சுக் கோத்து, முதல் பிரதியை அக்காவுக்குக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை.

ஒருநாள் மாட்டுங்கா மார்க்கெட்டில் எதிரே வந்தார். "அக்கா!" என்று கத்தினேன். நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்து, "கோன்? யாரு நீ? ஆளு மாறிட்டு, தம்பி" என்று போய்விட்டார். என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. ராத்திரி போன் வந்தது.

"கூறு இருக்கால உனக்கு? நான் யாருன்னு ஊருக்கே தெரியும். என்னய அக்கான்னா, உனக்கு என்ன நோய் இருந்துச்சுன்னு எல்லாவனுக்கும் தெரிஞ்சுரும். சொகமானவன் யாரையும் எனக்கு ரோட்டுல தெரியாது. அம்புட்டுதான்." வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து நாங்களும் அவரைக் கூப்பிடுவதில்லை. மாதத்தில் இரண்டு தடவையாவது பூக்கடைப் பக்கம் எதிரே வருவார். முன்பின் தெரியாதவர்கள் மாதிரிக் கடந்து போவோம். முத்துச்செல்வி மட்டும், அவர் பக்கத்தில் வரும்போது, எங்கள் மகளை அந்தப் பக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொள்வாள், அக்கா ஒருதரம் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.