பெருந்துறை ஐரிஷ் அங்கிள்

அயர்லாந்துக்காரர்களுக்கே அயர்லாந்தைச் சொல்லிக்கொடுக்கும் தகுதி நியூ ஜெர்சியில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் பெருந்துறைக்காரர். பார்சிப்பனித் தமிழர்கள் எல்லோருக்கும் அவர் 'ஐரிஷ் அங்கிள்'. நிஜப் பெயர் அவருடைய மேனேஜருக்குத் தெரிந்திருக்கலாம்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு எங்கள் அபார்ட்மென்ட் பக்கத்து ஐரிஷ் பப்பில் ஆஜராகிவிடுவார், என்னையும் இழுத்துக்கொண்டு. கையில் ஒரு கிளாஸ் கறுப்பு பீர், பையில் காராச்சேவு. பிடில் வாசிக்கும் பெரியவர்களுக்கு அதை அள்ளிக் கொடுத்துக் கண்ணில் தண்ணீர் வரவழைப்பார். ஆட்டமும் உண்டு. ஐரிஷ் ஆட்டத்தில் கை அசையக் கூடாது, கால் மட்டும்தான் பறக்க வேண்டும். பேசும்போதே இரண்டு கையையும் வீசும் அங்கிள், கைகளைப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டு குதிப்பார். ஒருமுறை விழப்போனபோதும் கையை எடுக்கவில்லை, மேசைதான் விழுந்தது.

அந்த பப்பில் ஒரு வழக்கம். பாடி முடித்தவர் யாரைக் கைகாட்டுகிறாரோ, அவர் அடுத்துப் பாட வேண்டும். அங்கிள், மச்சானைக் கேலி செய்யும் தன் ஊர்க் கும்மிப் பாட்டை பிடிலுக்குத் தோதாக இழுத்து இழுத்துப் பாடுவார். ஏதோ பிரிவுச் சோகம் என்று நினைத்து பப்பே மூக்கை உறிஞ்சும்.

"அர்த்தத்தச் சொல்லிடலாமே அங்கிள்?"

"அழுவறவங்கள எதுக்குக் கண்ணு தடுக்கோணும்?"

முடித்ததும் அவர் விரல் என் பக்கம்தான் நீளும். நான் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டுவேன்.

"பாடறதுக்குமா கிரீன் கார்டு வேணும்? ஒருவாட்டி உம்பாட்டக் கேட்டுப்போட்டுத்தான் இந்த ஊர விட்டுப் போவேன், பாத்துக்க."

ரிடையர் ஆனதும் மகள் அவரை டெக்சஸில் தான் இருக்கும் காப்பெல் ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். கடைசி ஞாயிறும் விரல் நீண்டது. அன்றும் தலையாட்டினேன். "செரி, உடு கண்ணு" என்று மிச்சக் காராச்சேவை என் கையில் கொட்டிவிட்டுப் போனார். அந்த 'உடு கண்ணு' இன்னும் உறுத்துகிறது.

போன ஞாயிறு தனியாகப் போனேன். அவரை மனசு அப்படித் தேடியது. பாடி முடித்த பிடில் பெரியவர், பழக்கதோஷத்தில் அங்கிளின் நாற்காலியைக் கைகாட்டிவிட்டுத் திகைத்தார். என்னவோ, எழுந்துவிட்டேன். அதே கும்மிப் பாட்டு. பாதி வரி மறந்துபோயிற்று, மீதியில் சுருதி சேரவில்லை. மச்சானைக் கேலி செய்யும் பாட்டு என்று தெரிந்தும் நானே அழுதேன்.

முடித்ததும் யாரையாவது கைகாட்ட வேண்டுமே. என் விரல் அந்தக் காலி நாற்காலிக்குத்தான் போனது.

நான் பாடிட்டேன் அங்கிள். இப்ப உங்க முறை.